வெளிவாசல் இல்லாத வீட்டில் இரண்டரை ஆண்டு: எத்தீரியம் சரிபார்ப்பாளர் வலையமைப்பு கட்டம் கட்டமாகத் திறந்த நிகழ்வின் ஆய்வு

2020 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் வரவேற்பறையில் நால்வர் அமர்ந்திருந்தோம். கிருமிப் பரவலுக்குப் பிந்தைய தளர்வின் இரண்டாம் கட்டம் அது. ஒரு வீட்டுக்கு ஐந்து விருந்தினருக்கு மேல் வரக்கூடாது. மூவர்தான் வந்திருந்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் சிங்கப்பூரில் யார் வாயைத் திறந்தாலும் 'கட்டம்' என்ற சொல் வந்தது. அன்று நாங்கள் காத்திருந்ததும் ஒரு கட்டத்துக்குத்தான். எத்தீரியம் என்ற மின்னிலக்கக் காசு வலையமைப்பின் 'கட்டம் 0'.

தொலைக்காட்சி மேசைக்கடியில் டிஃபன் பெட்டி அளவிலான ஒரு சிறு கணினி. அதன் விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு ஓசை இல்லை. இரவு 8 மணி 23 வினாடிக்கு, பீக்கன் சங்கிலி என்ற எத்தீரியத்தின் புதிய சங்கிலி தொடங்கியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் வரிகள் ஓடின. சில நிமிடங்களில் எங்கள் முதல் வாக்கு சங்கிலியில் பதிவானது. எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற மின் தொழில்நுட்பர், நாங்கள் 'அண்ணன்' என்றே அழைப்பவர், நேரத்தைப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தமிழில் குறித்துக்கொண்டார். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. இந்த ஆய்வில் எங்களைப் பற்றிய பகுதிகளெல்லாம் அதிலிருந்து எடுத்தவை.

ஒரு வலையமைப்பைக் கட்டம் கட்டமாகத் திறப்பவர்கள், எதை எப்போது திறந்தோம் என்று பெருமையுடன் சொல்வார்கள். எதைத் திறக்காமல் விட்டார்கள், திறக்காத அந்த நாட்களின் பாரத்தை யார் தோளில் ஏற்றினார்கள் என்பதையும் அதே அளவு கவனத்துடன் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எத்தீரியத்தின் கதையை நான் சொல்ல விரும்புவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

முதல் கட்டத்தில் என்ன இருந்தது

அதுவரை எத்தீரியம் பிட்காயினைப் போலவே சுரங்க முறையில் இயங்கியது. மின்சாரத்தைக் கொட்டிப் புதிர் அவிழ்ப்பவர் அடுத்த பிளாக்கை, அதாவது சங்கிலியின் அடுத்த பதிவுத் தொகுதியை, எழுதுவார். அதை விட்டு, பிணை வைத்தவர்கள் வாக்களித்துச் சங்கிலியை நடத்தும் முறைக்கு மாற வேண்டும். அப்படிப் பிணை வைப்பவர்தான் சரிபார்ப்பாளர். ஒரு சரிபார்ப்பாளருக்குப் பிணை 32 ஈத்தர், அதாவது எத்தீரியத்தின் காசு. 12 வினாடிக்கு ஒரு பிளாக். 32 பிளாக் இடங்கள் சேர்ந்தால் ஓர் எப்போக், அதாவது 6.4 நிமிடம். ஒவ்வொரு எப்போக்கிலும் ஒவ்வொரு சரிபார்ப்பாளரும் ஒரு முறை வாக்களிக்க வேண்டும். நாளுக்கு 225 வாக்கு. பிணையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே பக்கம் வாக்களித்தால் அந்தப் பகுதி 'இறுதியாகிறது'. அதன்பின் அதை மாற்ற முயல்பவர் பெரும் பிணையை இழக்காமல் மாற்ற முடியாது.

பழைய சங்கிலியில் கோடிக்கணக்கான பணம் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் பக்கத்திலேயே ஒரு காலிச் சங்கிலியைக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். பீக்கன் சங்கிலியில் பரிவர்த்தனை கிடையாது, சங்கிலியில் தானே இயங்கும் நிரல்களான ஒப்பந்தங்கள் கிடையாது. சரிபார்ப்பாளர்கள் ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொண்டு வாக்களிப்பது மட்டும்தான். இதை என் அம்மாவுக்கு விளக்க நான் கோயிலைத்தான் துணைக்கு அழைத்தேன். திருப்பணி நடக்கும்போது பாலாலயம் வைத்துப் பூசை நிற்காமல் பார்த்துக்கொள்கிறோம் அல்லவா? இங்கே பழைய கருவறையில் பூசை நடந்துகொண்டே இருக்க, பக்கத்தில் புதிய கருவறை எழும்புகிறது. அங்கே விளக்கு மட்டும் எரிகிறது. சாமி இன்னும் வரவில்லை. "அப்படியானால் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்கள் நீங்களா?" என்று கேட்டார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

எண்ணெய் ஊற்ற ஆள் சேர வேண்டும். 2020 நவம்பர் 4 அன்று, பிணையைப் பெற்றுக்கொள்ளும் வைப்பு ஒப்பந்தம் வெளியானது. குறைந்தது 16,384 சரிபார்ப்பாளர்கள், அதாவது 524,288 ஈத்தர் சேர்ந்து ஏழு நாள் கழிந்த பிறகே சங்கிலி தொடங்கும். டிசம்பர் 1 அன்று தொடங்க வேண்டுமானால் நவம்பர் 24 இரவு எட்டு மணிக்குள் எண்ணிக்கை நிரம்ப வேண்டும். பல நாள் மந்தமாக இருந்த எண்ணிக்கை கடைசி நாட்களில்தான் மளமளவென்று ஏறியது. தொடங்கிய அன்று 21,063 சரிபார்ப்பாளர்கள் இருந்தார்கள்.

அந்த மந்தத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தத்துக்குள் ஈத்தர் போகும், திரும்பி வராது. எடுக்கும் வசதி பிற்பாடு ஒரு கட்டத்தில் வரும் என்றார்கள், தேதி சொல்லவில்லை. அன்றைய விலையில் 32 ஈத்தர் என்பது இருபதாயிரம் சிங்கப்பூர் வெள்ளியைச் சுற்றி. நாங்கள் நால்வரும் சம்பளக்காரர்கள். இரண்டு பேர் தனியாகவும் இரண்டு பேர் பங்கு போட்டும் மூன்று பிணை வைத்தோம். வைக்கும் முன் அண்ணன் ஒன்றைத்தான் சொன்னார்: "தம்பி, இதை வீட்டுக்கடனுக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ வேண்டிய பணமென்றால் வைக்காதே. வாசல் எப்போது வைப்பார்கள் என்று கட்டுகிறவர்களுக்கே தெரியவில்லை." நோட்டின் முதல் பக்கத்தில் அந்த வாக்கியம்தான் இருக்கிறது.

ஆறு கடிகாரங்கள்

தொடக்கத்துக்கு முன்பே பெரிய ஒத்திகை ஒன்று நடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று மெடல்லா என்ற சோதனை வலையமைப்பு தொடங்கியது. (எத்தீரியக்காரர்கள் சோதனை வலையமைப்புகளுக்கு ரயில் நிலையங்களின் பெயரை வைப்பது வழக்கம். ஸ்டாக்ஹோம், பெர்லின், ஏதென்ஸ் நகர நிலையங்கள், எங்கள் கோவன் என்று போன அந்த வரிசையில் ஒரு நாள் எங்கள் தோபி காட் நிலையமும் வரும் என்று இன்னமும் நம்புகிறேன்.) பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, அது சரிந்தது.

சரிபார்ப்பாளருக்குச் சரியான நேரம் உயிர்நாடி. எந்த 12 வினாடியில் நிற்கிறோம் என்று தெரியாதவர் வாக்களிக்க முடியாது. பெரும்பான்மையோர் ஓட்டிய பிரிசம் என்ற மென்பொருள், நேரத்தை ஆறு வெளிச் சர்வர்களிடம் கேட்டுச் சராசரி எடுத்தது. அன்று ஆறில் ஒன்று 24 மணி நேரம் முன்னால் ஓடியது. 24-ஐ ஆறால் வகுத்தால் நான்கு. அத்தனை கணினிகளும் நான்கு மணி நேரம் எதிர்காலத்துக்குத் தாவிவிட்டன. வாக்குகள் எல்லாம் இன்னும் வராத நேரத்துக்கானவை. பிற மென்பொருள்கள் அவற்றைத் தள்ளுபடி செய்தன. இறுதியாக்கம் நின்றது. கடிகாரம் திருத்தப்பட்டபோது இன்னொரு கேடு காத்திருந்தது: ஏற்கனவே 'எதிர்காலத்தில்' வாக்களித்த நேரம் நிஜமாகவே வந்தபோது, காப்புப் பதிவு வைத்திராதவர்கள் அதே எப்போக்குக்கு மறுபடியும் வாக்களித்துத் தண்டம் பெற்றார்கள்.

சோதனைக் காசுதான் என்பதால் யார் வயிற்றிலும் அடி விழவில்லை. ஆனால் இந்த ஒரு நிகழ்வு இரண்டு பாடங்களை எல்லோர் மண்டையிலும் ஏற்றியது. சராசரி எடுப்பதில் ஒரு பொய்யன் போதும். நடுமதிப்பு எடுத்திருந்தால் அந்த ஒரு சர்வர் ஒன்றும் செய்திருக்க முடியாது. அடுத்தது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே மென்பொருளை ஓட்டினால் அந்த மென்பொருளின் பிழை வலையமைப்பின் பிழையாகிவிடும். நாங்கள் மூன்று பிணைக்கும் மூன்று வெவ்வேறு மென்பொருள் என்று அந்த வாரமே முடிவு செய்தோம். கூடுதல் வேலைதான். பின்னர் ஒரு நாள் அது எங்களைக் காத்தது.

வீடு மாறிய வாரம்

2021 ஆகஸ்டில் எங்களில் ஒருவர் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து பொங்கோலுக்கு வீடு மாறினார். தெளிவான ஆள், வங்கிப் பின்னலக வேலையில் பதினைந்து ஆண்டு அனுபவம். புது வீட்டில் புதுக் கணினியை நிறுவி, பழையதை நிறுத்தி, சில எப்போக் காத்திருந்து, பிறகே வாக்குகளில் கையெழுத்திடும் மின்சாவிகளைப் புதியதில் இயக்கினார். எல்லாம் முறைப்படி நடந்தது. பழைய கணினியில் சாவிக் கோப்பை அழிப்பதை மட்டும் 'மூட்டை பிரித்த பிறகு' என்று தள்ளிவைத்தார்.

நான்கு நாள் கழித்து, அந்தப் பழைய பெட்டியை அவருடைய தம்பி எடுத்துக்கொண்டுபோய், வீட்டிலிருந்து படிக்கும் மகளுக்கு உதவும் என்று மின்சாரத்தில் செருகினார். மின்சாரம் வந்ததும் சரிபார்ப்புச் சேவை தானாகத் தொடங்கும்படி அதை அமைத்திருந்தோம். மின்தடைக்குப் பின் ஒரு வாக்கும் தவறக்கூடாது என்ற அக்கறையில் நாங்களே செய்தது அது. கணினி விட்ட இடத்திலிருந்து சங்கிலியைத் துரத்திப் பிடித்தது. பிடித்த கையோடு வாக்களித்தது. அதே சாவி, அதே எப்போக், இரண்டு கணினிகளிலிருந்து இரண்டு வெவ்வேறு வாக்கு. வலையமைப்பின் கண்ணுக்கு அது இரட்டை நாக்கு. மாலை 6.50-க்கு நண்பரின் கைப்பேசியில் வந்த செய்தியை அவர் எங்கள் குழுவுக்கு அப்படியே அனுப்பினார். கீழே ஒரு சொல்கூட எழுதவில்லை.

அன்றைய விதிப்படி முதல் தண்டம் பிணையில் 128-இல் ஒரு பங்கு: 0.25 ஈத்தர். பிறகு 8,192 எப்போக், ஏறத்தாழ 36 நாள், வெளியேற்ற வரிசையில் நின்றுகொண்டு சிறுசிறு அபராதம் கட்ட வேண்டும். பணமாகப் பார்த்தால் தாங்கக்கூடிய இழப்பு. தாங்க முடியாதது அதற்கடுத்துதான் இருந்தது. அவர் இனிச் சரிபார்ப்பாளர் இல்லை. அவருக்கு வருமானம் இல்லை. வலையமைப்பு அவரை வெளியே அனுப்பிவிட்டது. ஆனால் வெளியேறும் வாசல் இன்னும் கட்டப்படவில்லை. மீதிப் பிணை அங்கேயே கிடந்தது. இருபது மாதம்.

அந்த இருபது மாதமும் நாங்கள் சந்திக்கும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தேன். தவறு அவருடையது என்று அவரே சொல்வார். ஆனால் தவறுக்கான தண்டனையின் நீளத்தை முடிவு செய்தது விதி அல்ல, கட்ட அட்டவணை. கட்டமாகத் திறப்பதன் உண்மையான செலவு இங்கேதான் இருக்கிறது. எந்தத் திட்ட வரைபடத்திலும் இது ஒரு பெட்டியாகக்கூட வரையப்படுவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க போல்காடாட் என்ற இன்னொரு பிளாக்செயின் நல்ல சான்று. 2020 மே 26 அன்று அதன் அறக்கட்டளையே நடத்திய சில சரிபார்ப்பாளர்களுடன் தொடங்கியது. ஜூன் 18 அன்று வெளிச் சரிபார்ப்பாளர்களுக்குத் திறந்தது. ஜூலை 20 அன்று, எதையும் மாற்றவல்ல தலைமைச் சாவி நீக்கப்பட்டது. ஆகஸ்ட் 18 அன்று பணப் பரிமாற்றம் திறந்தது. அங்கேயும் வாசல் மூடித்தான் இருந்தது, ஆனால் மூன்றே மாதம். வெற்று நிலத்தில் புதுச் சங்கிலி கட்டுபவர்களுக்கு அது கைகூடும். எத்தீரியம் குடியிருக்கும் வீட்டில் அடித்தளம் மாற்றியது. அவகாசம் வேண்டியதை நான் ஒப்புக்கொள்கிறேன். தேதியே சொல்லாமல் விட்டதை ஒப்புக்கொள்ளவில்லை.

பிற்பகல் 2.42

எத்தீரியம் முதலில் போட்ட திட்டத்தில் கட்டம் 0-க்குப் பிறகு, பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் துண்டுச் சங்கிலிகள் வர வேண்டும். பழைய சங்கிலியை இணைப்பது அதற்கும் பிறகு. இந்த வரிசையைத் துணிந்து மாற்றினார்கள். துண்டாக்குவதை ஒதுக்கி, இணைப்பை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த நிகழ்விலேயே மிகச் சிறந்த முடிவு இதுதான் என்பேன். வேகம் கூட்டுவதை மேலடுக்குச் சங்கிலிகள் பார்த்துக்கொள்ளட்டும், அடித்தளத்தை முதலில் மாற்றுவோம் என்ற தெளிவு அதில் இருந்தது.

ஒத்திகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. கில்ன், பிறகு உண்மைச் சங்கிலியையே நகலெடுத்து இணைத்துப் பார்த்த நிழல் ஒத்திகைகள், 2022 ஜூனில் ரோப்ஸ்டன், ஜூலையில் செபோலியா, ஆகஸ்டில் கோர்லி. இணைப்பு நேரத்தை அவர்கள் குறித்த விதத்தையும் சொல்ல வேண்டும். பிளாக் எண்ணையோ நேரத்தையோ வைத்துக் குறிக்கவில்லை. சுரங்க உழைப்பின் மொத்தக் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொட்டதும் இணைப்பு என்றார்கள். பிளாக் எண் வைத்திருந்தால், சொற்ப உழைப்பில் போலிச் சங்கிலி ஒன்றை அந்த எண்வரை வளர்த்து யாராவது குழப்பியிருக்க முடியும். உழைப்பின் கூட்டுத்தொகையைப் போலியாக்க முடியாது.

2022 செப்டம்பர் 15, வியாழக்கிழமை. அலுவலகத்தில் மதிய உணவு முடிந்து அரைநாள் விடுப்பெடுத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் சரிபார்ப்பாளர்களின் திரை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் அக்காள் மகளின் பாலிடெக்னிக் சான்றிதழ். சிங்கப்பூரின் ஓப்பன்செர்ட்ஸ் திட்டத்தில் 2019 முதல் உள்ளூர்க் கல்வி நிலையங்களின் பட்டதாரிகளுக்கு மின்சான்றிதழ் தருகிறார்கள். அதன் முத்திரை எத்தீரியம் சங்கிலியில் பதிவாகிறது. அந்தக் கோப்பை 2.30-க்கு இணையத்தளத்தில் இழுத்துவிட்டுப் பார்த்தேன். பச்சைச் சரிக்குறிகள் வந்தன. 2.42-க்குச் சுரங்க முறையின் கடைசி பிளாக், எண் 15,537,393, எழுதப்பட்டது. அதே நிமிடத்துக்குள் அடுத்த பிளாக்கைச் சரிபார்ப்பாளர் ஒருவர் எழுதினார். அப்போது வலையமைப்பில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சரிபார்ப்பாளர்கள் இருந்தார்கள். ஒரு சரிபார்ப்பாளருக்கு பிளாக் எழுதும் முறை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிது. ஆனாலும் ஒவ்வொரு வாக்கும் தவறாமல் போனது. மூன்று மணிக்கு அக்காள் மகளின் சான்றிதழை மறுபடியும் சரிபார்த்தேன். அதே பச்சைக் குறிகள்.

அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. உலகின் இரண்டாவது பெரிய பிளாக்செயினின் அடித்தளம் மாறி, அதன் மின் பயன்பாடு 99.9 விழுக்காட்டுக்கு மேல் குறைந்த நிமிடத்தில், அவளுடைய சான்றிதழ் இருந்த இடத்திலேயே இருந்தது. இருபத்தொரு மாதம் வெறும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியதற்கு அந்தப் பச்சைக் குறிகள்தான் எங்களுக்குக் கிடைத்த கூலி. மனம் நிறைந்துவிட்டது.

புத்தாண்டுக்கு முந்தைய காலை

வாசல் 2023 ஏப்ரல் 13 காலை 6.27-க்குத் திறந்தது. மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு. ஷாப்பெல்லா என்ற அந்த மேம்பாட்டில், ஒவ்வொரு பிளாக்கிலும் 16 பேர்வரை பணம் பெறலாம். 32-க்கு மேல் சேர்ந்த வருமானம் முறை வந்ததும் தானாக வந்துவிடும். பழைய வகைச் சாவி வைத்திருந்தவர்கள் மட்டும், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருமுறை கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு 2020-இல் தாளில் எழுதிவைத்த 24 சொற்கள் வேண்டும்.

பொங்கோல் நண்பர் அந்தத் தாளைத் திருமணச் சான்றிதழுடன் ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். இருபது மாதமாக அதைத் திறக்கவில்லை. அன்று காலை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தட்டினோம். பதினேழாவது சொல்லில் மசி மங்கியிருந்தது. அவர் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்து, தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்துச் சொன்னார். சில நாள் கழித்து மீதிப் பிணை முழுவதும் அவர் கணக்குக்கு வந்து சேர்ந்தது. வாசல் திறந்தால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று பலர் பயந்தார்கள். மாறாக, அடுத்த மாதங்களில் உள்ளே வரத்தான் நீண்ட வரிசை நின்றது. வெளியே போக வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பலருக்கு உள்ளே வரத் துணிவு பிறந்தது.

அடுத்த மாதம் மே 12 அதிகாலையிலும், மீண்டும் 13 அதிகாலையிலும் இறுதியாக்கம் நின்றது. முதல் முறை அரை மணி நேரத்துக்குள். இரண்டாம் முறை ஒரு மணி நேரத்துக்கு மேல். பழைய வாக்குகளைச் சரிபார்க்கும் பாரத்தில் இரண்டு மென்பொருள்கள் மூச்சுத் திணறின. எங்களிடம் மிஞ்சிய இரண்டில் ஒன்று திணறியது. மற்றது தொடர்ந்து வாக்களித்தது. மெடல்லா வாரத்தில் எடுத்த முடிவின் பலன் அன்று கண்ணுக்குத் தெரிந்தது. யாரும் கைவைக்காமல் வலையமைப்பு தானே மீண்டது.

அதே ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம், மின்னிலக்கக் காசு நிறுவனங்கள் சில்லறை வாடிக்கையாளர்களுக்குப் பிணை வைக்கும் சேவை தருவதைக் கட்டுப்படுத்தப்போவதாக அறிவித்தது. நான் அதை வரவேற்றேன். எங்கள் அண்ணன் சொன்ன எச்சரிக்கையைச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

2025-இல் பெக்ட்ரா என்ற மேம்பாட்டுக்கான ஒத்திகையில், ஹோல்ஸ்கி சோதனை வலையமைப்பு பிப்ரவரி 24 அன்று உடைந்தது. சில மென்பொருள்களில் வைப்பு ஒப்பந்தத்தின் முகவரி தவறாக இருந்தது. இறுதியாக்கம் திரும்ப இரண்டு வாரம் ஆனது. உடனே ஹூடி என்ற புதிய சோதனை வலையமைப்பை எழுப்பி, அதில் சரிபார்த்து, மே 7 அன்றுதான் உண்மைச் சங்கிலிக்கு வந்தார்கள். அந்தப் பொறுமையை மனதாரப் பாராட்டுகிறேன். பெக்ட்ராவோடு தண்டத்தின் முதல் பங்கும் 4,096-இல் ஒன்றாகக் குறைந்தது. 32 ஈத்தருக்கு 0.0078. பொங்கோல் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு அந்தக் கால் ஈத்தர் பெரிதாகத் தெரிந்ததே இல்லை. எப்போது முடியும் என்று தெரியாததுதான்..." என்றார்.

அவர் இப்போது ஹூடியில் சோதனைக் காசில் ஒரு சரிபார்ப்பாளரை ஓட்டுகிறார். பழைய கணினியைத் தம்பி வீட்டிலிருந்து திரும்ப வாங்கி, வட்டைக் கழற்றி அழித்து, வெறும் பெட்டியை அலமாரியில் வைத்திருக்கிறார். அதன் மின்செருகியைச் சுற்றி மஞ்சள் ஒட்டுநாடா. அதில் அண்ணனின் கையெழுத்தில் தேதியும் நேரமும்: 2021 ஆகஸ்ட், மாலை 6.50.